கத்திக்கு முன் பெயர்

(தாடையில் வரும் சாதுவான பல் கட்டிகளைக் கண்டறிவது பற்றிப் பொதுமக்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல்லைப் பற்றிய கூட்டம் என்றால் சொத்தை, ஈறில் ரத்தம், எந்தப் பேஸ்ட் நல்லது, இவைதான் பேச்சாக இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அவற்றை விட்டுவிடுகிறேன். தாடை எலும்புக்குள்ளே, பல்லை உண்டாக்கும் திசுவிலிருந்தே கிளம்புகிற கட்டிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவதில்லை. அப்படியானால் இவ்வளவு பேச என்ன இருக்கிறது? எக்ஸ்ரே படத்தில் ஒரே மாதிரி தெரிகிற மூன்று நிழல்களில் ஒன்றைச் சுரண்டி எடுத்தாலே போதும். இன்னொன்றுக்குத் தாடையில் ஒரு பகுதியையே அறுத்தெடுக்க வேண்டும். மூன்றாவதைத் தொடவே கூடாது. எது எது என்று தெரியாமல் கை வைத்தால், சின்னதற்குப் பெரிய அறுவையும் பெரியதற்குச் சின்ன அறுவையும் நடந்துவிடும். நான் அறுவை மருத்துவர் அல்ல. நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்து கட்டிக்குப் பெயர் சொல்கிற ஆள். ஆகவே பெயருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வக்காலத்து வாங்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாயின் வயிற்றில் ஆறாவது வாரத்திலேயே பல் உருவாகத் தொடங்கிவிடுகிறது. வாயின் உள்தோல் ஒரு பட்டையாக உள்ளே இறங்கி, மொட்டுவிட்டு, எனாமலை உண்டாக்கும் செல்களாக மாறுகிறது. அதற்கு அடியில் இருக்கும் திசு பல்லின் உள்பகுதியை உண்டாக்குகிறது. பல் முளைத்ததும் வேலை முடிந்தது. ஆனால் வீடு கட்டி முடித்த பிறகும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட கொத்தனார்கள் மாதிரி, சில செல்கள் ஈறிலும் வேரைச் சுற்றியும் சிறு கொத்துகளாக நின்றுவிடுகின்றன. வேரைச் சுற்றி நிற்பவற்றை 1885இல் பிரெஞ்சு மருத்துவர் லூயி மலாசே விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறோம். இங்கே இருக்கும் எல்லோர் தாடையிலும் அவை உண்டு. பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். சிலருக்கு அவை விழித்துக்கொண்டு நீர்ப்பையாகவோ கட்டியாகவோ வளர்கின்றன. மூளையில் பேச்சுக்கான பகுதியை அடையாளம் காட்டிய பால் ப்ரோக்காவை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1860களின் இறுதியில் இந்தப் பல் கட்டிகளை முதலில் வகைப்படுத்தியவரும் அவர்தான்.

இவை வலிப்பதில்லை. சிக்கலே அதுதான். வலித்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வலிக்காத வீக்கத்தைக் கண்ணாடியில் தினமும் பார்த்துப் பழகிவிடுகிறோம். எங்களிடம் வருகிறவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் தெரியும்: கல்யாண ஆல்பத்தைப் பார்த்த அத்தை, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கிறதே என்று கேட்டாராம். பல் செட் திடீரென்று இறுகுகிறதாம். நேராக இருந்த பல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறதாம். பால்பல் விழுந்து நாளாகியும் பையனுக்கு அடுத்த பல் முளைக்கவில்லையாம். பல்லுக்குக் கம்பி கட்டுவதற்காகப் படம் எடுத்தபோது தற்செயலாகத் தெரியவருவதும் நிறைய. குழந்தைகளுக்குத் தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிக் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது நம் வீடுகளில் இன்றும் உண்டு. சங்கிலியால் கெடுதல் ஒன்றும் இல்லை. பொன்னுக்கு வீங்கி ஓரிரு வாரத்தில் தானாக வடிந்துவிடும். வடியாமல், விரல் வைத்தால் எலும்பே பெருத்தது போல் கெட்டியாக இருந்தால், அது வேறு கதை. இன்னொன்று: வீக்கத்தோடு கீழுதடு மரத்துப்போனால் காத்திருக்காதீர்கள். சாதுவான கட்டி நரம்பைத் தள்ளி வைக்குமே தவிர, பொதுவாக அதன் வேலையைக் கெடுப்பதில்லை. மரத்துப்போவது, உள்ளே இருப்பது சாதுவானது அல்ல என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம்.

சரி, படத்துக்கு வருவோம். ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களைப் படம் எடுத்துவிட்டார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தார். இன்று ஸ்கேன் சென்டரில் முகவாயை ஊன்றி நின்றால், இயந்திரம் தலையைச் சுற்றிவந்து சில விநாடிகளில் எடுத்துவிடுகிற ஓபிஜி படம் பின்லாந்தின் யூர்யோ பாட்டெரோவின் உழைப்பில் வந்தது. இரண்டு தாடையும் ஒரே படத்தில் விழும். வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படத்தில் கட்டியின் ஒரு ஓரம் மட்டும் பதிந்து, மீதி வெளியே போய்விடும். ஆகவே தாடை வீக்கத்துக்குச் சின்னப் படத்தோடு நிறுத்திக்கொள்வது போதாது.

கறுப்பாகத் தெரிவது எலும்பு கரைந்த இடம். வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கிறது. கறுப்பைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு இருந்தால் கட்டி நிதானமாக வளர்கிறது, சுவர் எழுப்ப எலும்புக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்று பொருள். உள்ளே அறை அறையாகப் பிரிந்திருந்தால் எங்கள் பாடப்புத்தகங்கள் சோப்பு நுரை, தேன்கூடு, டென்னிஸ் மட்டை என்றெல்லாம் பெயர் கொடுத்திருக்கின்றன. நுரை என்றால் அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டி, மட்டை என்றால் மிக்சோமா என்ற கட்டி என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். தேர்வுக்கு உதவும், நோயாளிக்கு அவ்வளவாக உதவாது. அதே நுரை நாலைந்து நோய்களில் வரும்.

படத்தைவிட மலிவான ஒரு சோதனை இருக்கிறது. இன்றைய பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அந்த நிழலின்மேல் நிற்கிற பல் உயிரோடு இருக்கிறதா? ஒரு துண்டு ஐஸைப் பல்லில் வைத்தால் சுரீரென்று தெரிகிறதா, எடுத்ததும் அடங்குகிறதா? மின்சாரத்தால் மெல்லத் தூண்டிப் பார்க்கும் சிறு கருவியும் பல் கிளினிக்குகளில் உண்டு. சொத்தை ஆழமாகிப் பல்லின் நரம்பு செத்துப்போனால் வேர் நுனியில் சீழோ நீர்ப்பையோ உண்டாகும். படத்தில் கறுப்பு உருண்டையாகத் தெரியும். தாடையில் தெரியும் கறுப்புகளில் மிகச் சாதாரணமானது இதுதான். ரூட் கேனால் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பல் உயிரோடு இருந்து, கீழே கறுப்பும் இருந்தால், அந்தக் கறுப்புக்குப் பல் காரணம் அல்ல. அங்கே ரூட் கேனால் செய்வது, நல்ல பல்லின் நரம்பை எடுத்துவிட்டு நோயை அப்படியே விட்டுவைப்பது.

இதில் அடிக்கடி சிக்குவது நடுவயதுப் பெண்களின் கீழ் முன்பற்கள். வேர் நுனிகளில் சிறு கறுப்புகள் தெரியும். பற்கள் நான்கும் நன்றாக இருக்கும்; ஐஸ் வைத்தால் கூசும். வேரைச் சுற்றியுள்ள எலும்பு தன்போக்கில் வேறு விதமாக மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சிமென்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா என்று நீளமான பெயர். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடமும் கிழக்காசியப் பெண்களிடமும் அதிகம். நம் நாட்டிலும் பார்க்கிறோம். ஆண்டுகள் போகப் போகக் கறுப்பு வெள்ளையாகிவிடும். வைத்தியம் ஒன்றும் தேவையில்லை. வைத்தியம் செய்தால்தான் தொந்தரவு: முற்றிய நிலையில் அங்கே ரத்த ஓட்டம் குறைவு. பல்லைப் பிடுங்கினாலோ பயாப்சி எடுத்தாலோ சீழ் பிடித்து எலும்பு அழுகக்கூடும். நான்கு பல்லுக்கும் ரூட் கேனால் முடித்துவிட்டு, ‘கறுப்பு போகவில்லையே’ என்று எங்களிடம் அனுப்பிவைத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் பெட்டி அந்தக் கிளினிக்கிலும் இருந்திருக்கும்.

அடுத்தது முளைக்காத பல். பதினான்கு வயதுப் பெண், மேல் கோரைப்பல் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பல் எலும்புக்குள்ளேயே கிடக்கிறது. சுற்றிலும் உருண்டைக் கறுப்பு. மிகவும் சாதாரணமான பதில், பல்லின் உறையில் நீர் கோத்த பை. அந்தப் பை, பல்லின் முடியும் வேரும் சேருகிற கழுத்தில்தான் ஒட்டியிருக்கும். இந்தப் படத்திலோ கறுப்பு கழுத்தைத் தாண்டி வேரின் பாதிவரை போயிருக்கிறது. உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளும் தெரிகின்றன. அப்போது அடினோமட்டாய்டு கட்டி நினைவுக்கு வர வேண்டும். இந்தப் பெயரை 1969இல் பிலிப்சனும் பிர்னும் கொடுத்தார்கள். மாணவர்கள் இதை மூன்றில் இரண்டு கட்டி என்பார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேல்தாடையில், மூன்றில் இரண்டு பங்கு பெண்களிடம், மூன்றில் இரண்டு பங்கு பதின்வயதில், மூன்றில் இரண்டு பங்கு முளைக்காத பல்லோடு வரும்; அந்தப் பற்களிலும் மூன்றில் இரண்டு கோரைப்பல். உறையோடு கழற்றி எடுத்துவிட்டால் திரும்புவது மிக மிக அரிது. இதை வேறொன்று என்று நினைத்துப் பதின்வயதுப் பெண்ணின் தாடையை அறுத்தால் அது கொடுமை.

பெயர் சரியாக அமைந்தால் அறுவை எவ்வளவு சுருங்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019இல் சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்ததாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். மூன்று வயதிலேயே பெற்றோர் வீக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள ஒரு பை. அதற்குள் 0.1 மில்லிமீட்டரிலிருந்து 15 மில்லிமீட்டர்வரை குட்டிக் குட்டிப் பற்கள். எண்ணி முடிக்கவே சில மணி நேரம் ஆனது. இது காம்பவுண்டு ஓடோன்டோமா. பல் திசு தன் வேலையைச் செய்துவிட்டது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 2014இல் 17 வயது இளைஞர் ஒருவரிடம் 232 எடுத்தார்கள். இந்த எண்ணிக்கைகளைத்தான் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சென்னையில் தாடையைப் பக்கவாட்டில் உடைக்காமல், மேலிருந்து ஒரு வழி திறந்து பையை முழுசாக வெளியே எடுத்தார்கள். உள்ளே இருப்பது ஓடோன்டோமா என்று படத்திலேயே தெரிந்ததால்தான் அது முடிந்தது. பிறகு தாடையைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டிய தேவையே வரவில்லை.

நேர் எதிர்முனையில் இருப்பது அமிலோபிளாஸ்டோமா. 1827இல் குசாக் இதை எழுதிவைத்தார். மலாசே 1885இல் ஒரு பெயர் சொன்னார். இன்று நாம் வழங்கும் பெயர் 1930இல் ஐவியும் சர்ச்சிலும் கொடுத்தது. ஐந்தில் நான்கு கீழ்த்தாடையில், பெரும்பாலும் கடைசிக் கடைவாய்ப்பல் இருக்கும் மூலையில் வரும். தாடையை வெளிப்பக்கம் மட்டுமல்ல, நாக்குப் பக்கமும் பெருக்கவைக்கும். பக்கத்துப் பற்களின் வேரைக் கத்தரித்தாற்போல் கரைக்கும். சிடி ஸ்கேனில் எலும்பின் வெளித்தகடு காகிதமாய் மெலிந்திருப்பது தெரியும். விரலால் அழுத்தினால் நொறுங்கும் உணர்வு வரும்.

நுண்ணோக்கியில் இது விசித்திரமான கட்டி. ஓரத்தில் நெட்டையான செல்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் உட்கரு அடிச்சவ்வைவிட்டு விலகி எதிர்ப்பக்கம் போயிருக்கும். எனாமல் சுரக்கப்போகும் செல் செய்துகொள்கிற ஏற்பாடு அது. ஆனால் எனாமல் ஒரு துளியும் வராது. இந்த அடையாளங்களை 1970இல் விக்கர்ஸும் கார்லினும் தெளிவாக வரையறுத்துக் கொடுத்தார்கள். படத்தில் தெரியும் எல்லையோடு இந்தக் கட்டி நிற்பதில்லை. எலும்பின் சின்னச் சின்ன இடுக்குகளுக்குள் புகுந்திருக்கும். சுரண்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். அதனால்தான் சுற்றி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறார்கள். போன தாடைக்குப் பதிலாகக் காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்தும் வழி 1989இல் ஹிடால்கோவின் கட்டுரையோடு பரவியது. நம்மூரிலும் இன்று அது நடக்கிறது.

இதிலேயே சாந்தமான ஒரு வகை உண்டு. 1977இல் ராபின்சனும் மார்ட்டினசும் காட்டிய ஒற்றை அறை அமிலோபிளாஸ்டோமா. இளவயதினருக்கு வரும், படத்தில் சாதாரண நீர்ப்பை மாதிரியே இருக்கும். கட்டி பையின் உள்பூச்சில் மட்டும் இருந்தால் சின்ன அறுவை போதும். சுவருக்குள் இறங்கிவிட்டால் பெரிய அண்ணனைப் போலவே நடத்த வேண்டும். ஒரு ஓரத்தில் கிள்ளிய சிறு பயாப்சியில் இது தெரியாமல் போகலாம். எடுத்த பையைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அறுவைக்கு முன் ஒரு பெயர், பின் வேறொரு பெயர் என்று ரிப்போர்ட் வந்தால் மருத்துவர்கள் குழம்பிவிட்டார்கள் என்று முடிவுகட்டாதீர்கள்.

பயாப்சிக்கும் முன்னால் ஊசி. தாடைக்குள் இருக்கும் கறுப்பைத் திறப்பதற்கு முன் ஊசியால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். வைக்கோல் நிறத்தில் மினுமினுப்பான நீர் வந்தால் நீர்ப்பை. தயிர்த் திப்பி போல் கெட்டியாக வந்தால் கெரட்டோசிஸ்ட் என்ற வகை நீர்ப்பை. ஒன்றுமே வராவிட்டால் உள்ளே இறுகிய கட்டி. ரத்தம் தானாகச் சிரிஞ்சைத் தள்ளிக்கொண்டு ஏறினால் கையை எடுத்துவிட வேண்டும். அது ரத்தக் குழாய்களின் பின்னல். அங்கே ஒரு பல்லைப் பிடுங்கினால்கூட உயிருக்கு ஆபத்து.

அடுத்து, எங்கள் அறைக்குத் திசு வந்து சேர்கிறது. ஃபார்மலின் பாட்டிலில் ஒரு துண்டு. கூடவே வரும் சீட்டில் ‘தாடைக் கட்டி’ என்று மட்டும் எழுதியிருக்கும். வயது இல்லை, எந்தப் பக்கம் என்று இல்லை, படம் இல்லை. சக மருத்துவர்கள் யாராவது இங்கே இருந்தால் மன்னிக்கவும், இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் அடியில் இருக்கிற இயல்பான திசு, நுண்ணோக்கியில் மிக்சோமா என்ற கட்டியைப் போலவே இருக்கும். பதினைந்து வயதில் கடைவாய்ப்பல்லோடு சேர்ந்து வந்த அந்தத் திசுவைப் படம் பார்க்காமல் படித்தால், ஒன்றுமில்லாத பிள்ளைக்குத் தாடைக் கட்டி என்று எழுதிவிட இடம் உண்டு. ஓபிஜி பக்கத்தில் இருந்தால் கேள்வியே எழாது: கட்டியே இல்லையே!

நுண்ணோக்கியால் முடியாததும் உண்டு. தாடையில் ராட்சதச் செல்கள் நிறைந்த ஒரு கட்டி வரும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அளவு மீறிச் சுரந்தாலும் எலும்பில் அச்சு அசலாக அதே தோற்றம் வரும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் இதைப் பார்க்கிறோம். எத்தனை முறை சிலைடைத் திருப்பிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போது வைத்தியம் கழுத்துக்கோ சிறுநீரகத்துக்கோதானே தவிர, தாடைக்கு அல்ல.

எலும்பு போல் கெட்டியான கட்டிகளை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய பிறகுதான் சீவ முடியும். நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். ‘ரிப்போர்ட் ஏன் இன்னும் வரவில்லை’ என்று லேபில் சண்டை போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பெயர்களே மாறும் என்பதை மறைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1971இல் முதல் பட்டியலைப் போட்டது. கடைசியாக வந்தது 2022இல். கெரட்டோசிஸ்ட் என்று சற்று முன் சொன்னேனே, அது தாடையைப் பெருக்கவைக்காமல் எலும்பின் நீளவாக்கில் ஊர்ந்து போகும், எடுத்தாலும் திரும்பும். இந்தக் குணத்தைப் பார்த்து 2005இல் அதைக் கட்டிகளின் பட்டியலில் சேர்த்தார்கள். 2017இல் மீண்டும் நீர்ப்பையாக்கினார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ரிப்போர்ட் வாங்கியவர்களின் கையில் ‘கட்டி’ என்றே இருக்கும். கவலை வேண்டாம், நோய் மாறவில்லை. என் கருத்தில் திருப்பிக் கொண்டுவந்ததே சரி. கட்டி என்ற ஒரு சொல் சிலரைத் தேவையில்லாத பெரிய அறுவைக்குத் தள்ளியது. ஆனால் ஒரு சிறுவனுக்கு இரண்டு மூன்று கெரட்டோசிஸ்டுகள் ஒரே சமயத்தில் தெரிந்தால், தாடையோடு நிறுத்தக் கூடாது. உள்ளங்கையில் சிறு குழிகள், விலா எலும்பில் பிளவு, தோல் கட்டிகள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். கார்லினும் கோல்ட்சும் 1960இல் விவரித்த பரம்பரை நோய் அது. பெரும்பாலும் அதை முதலில் பிடிப்பவர் பல் மருத்துவராகத்தான் இருப்பார்.

2014இல் ஒரு புதுச் செய்தி வந்தது. கீழ்த்தாடை அமிலோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவற்றில் பிராஃப் என்ற மரபணுவில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் இருக்கிறது; தோல் புற்றுநோயான மெலனோமாவில் ஏற்கெனவே அறிந்திருந்த மாற்றம்தான். அதற்கான மாத்திரைகளால் இந்தக் கட்டி சுருங்கிய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கத்தியே வேண்டாம் என்று சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. சந்தேகமான சிலைடில் பெயரை உறுதிசெய்ய இந்தச் சோதனை உதவுகிறது; எனக்கு இப்போதைக்கு அதுவே பெரிய லாபம்.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு அறுவை நடந்திருந்தால் செய்ய வேண்டியது. அமிலோபிளாஸ்டோமாவும் கெரட்டோசிஸ்டும் பத்து ஆண்டு கழித்துக்கூடத் திரும்பியிருக்கின்றன. மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஓபிஜி எடுத்துக்கொண்டே இருங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய படத்தை அதோடு வைத்துப் பார்த்தால்தான் சின்ன மாற்றம் கண்ணில் படும். உங்கள் திசுவை மெழுகில் பதித்த சிறு கட்டை ஒன்று லேபில் இருக்கும். பிளாக் என்று கேளுங்கள். வேறு ஊருக்கு, வேறு மருத்துவரிடம் போகும்போது அதையோ அதிலிருந்து சீவிய சிலைடையோ கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை மட்டும் வைத்து இரண்டாவது கருத்துச் சொல்லச் சொன்னால் என்னைப் போன்றவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.

இனி கேள்விகளுக்கு வரலாம்.